நாற்பது நொடி விளக்கு

திரையில் வாய் திறப்பது அவள்.
குரல் என்னுடையது.
ரோமில், திபுர்தீனா சாலையில்
ஒரு நிலவறை ஒலிக்கூடம்;
சுவரெங்கும் முட்டை அட்டை.
ஓர் அலறலுக்கு நாலாயிரம் லீரா,
மாடிப்படியில் உருண்டபடி அலறினால் ஐயாயிரம்.
மூச்சிரைப்புக்குத் தனிக் காசு கிடையாது.

பதினாறு வருடமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன்.
அதனால் தெரியும்:
நடைவழியில் சிவப்பு வழிந்தால்
அவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம்.
ஜன்னலில் நீலம் ஏறினால் அரை நிமிடம்.
இவ்வளவு நீலமாய்
எந்த ஊரில் நிலா காய்கிறதென்று
ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் பூனைதான் பாயும்.
எப்போதும் பூனை.
அவள் நெஞ்சில் கைவைத்துச் சிரிப்பாள்.
ஐயோ, சிரிக்காதே பெண்ணே,
சிரித்தவள் எவளும் அடுத்த சுருளுக்கு வந்ததில்லை.
குளியலறை அலமாரியின் கண்ணாடிக் கதவைத்
திறக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாருமில்லை,
மூடும்போது உண்டு.
காமிரா சற்றே சாய்ந்து நிற்கும்,
வீட்டுக்கே கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல.
கறுப்புக் கையுறைக்கு
கடைசிவரை முகம் கிடையாது.
வருகிற முகமும் ஏமாற்றம்தான்:
யாரோ ஒரு பல் டாக்டர்.

எர்மான்னோ காதுக்கருவியைக் கழற்றாமலே சொல்வான்:
“இன்னும் மேலே, நீவெஸ்.
இவள் படித்த பெண், அதற்குத் தகுந்தாற்போல் அலறு.”
“படித்தவள் எப்படி அலறுவாள்?”
“கடைசியில் ஒரு கேள்விக்குறி வை.”

அது நவம்பர். கடைசி ட்ராம்.
என் கட்டடத்தில் மாடிப்படி விளக்கு
பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடம் எரிய வேண்டும்.
வீட்டுக்காரர் அதை நாற்பது நொடியாக்கியிருந்தார்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அணைந்தது.
வழக்கம்தான்; படியை எண்ணி ஏறிவிடுவேன்.

அன்றைக்கு
மேலே ஒரு மூச்சு இருந்தது.

நீலமில்லை. சிவப்பில்லை.
அந்த இருட்டுக்கு யாரும் ஒளியமைத்திருக்கவில்லை.
வயலின்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை.
பூனையாவது வரக் கூடாதா?
வரவில்லை.
என் வாய் திறந்தது,
சம்பளத்துக்குத் திறக்கும் அதே அகலம்.
தொண்டைக்குழியில் ஒன்றுமில்லை.
எங்கோ ஒரு நிலவறையில்
யாரோ ஒருத்தி எனக்குக் குரல் கொடுப்பாளென்று
காத்திருந்தேன்.

பொத்தான் சத்தம்.
மஞ்சள் பல்பு, சுவர் ஓதம்,
நாலாம் மாடி தர்குவீனி,
மனைவியை இழந்த மனிதர்,
செருப்போடு, குப்பை வாளியோடு,
பேயறைந்தாற்போல் சுவரில் ஒட்டிக்கொண்டு.
அவர் வாயும் திறந்தே இருந்தது.
வாளியிலிருந்து ஓர் ஆரஞ்சுத் தோல்
படிப்படியாக இறங்கிப் போனதை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு “நல்லிரவு” என்றோம்,
உதடும் ஒலியும் பொருந்தாத டப்பிங் மாதிரி.

மறுநாள் காலை. சிவப்பு நடைவழி.
அவள் வாய் திறந்தாள்.
நான் படிக்கட்டில் செய்ததையே செய்தேன்.
பதினொரு நொடி.
எர்மான்னோ கம்பியை ஆட்டிப் பார்த்தான்.
“மைக் செத்துப்போச்சா?”
“இல்லை. அப்படித்தான் இருக்கும்.”
“இருக்கலாம். ஆனால் ஜனங்கள்
காசு கொடுத்து வருகிறார்கள், நீவெஸ்.”

அலறினேன்.
கேள்விக்குறி உட்பட.
நாலாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் வழியில் இரண்டு தீப்பெட்டி.
ஒன்றை அவர் கதவருகே வைக்கலாமென்று
குனிந்தேன்.
இருட்டில் காலில் தட்டுப்பட்டுப்
பயந்துவிட்டாரென்றால்?

யோசிப்பதற்குள்
விளக்கு அணைந்தது.