வாசல் பல

மதுரைக்கு வழி வாயிலே என்பார்கள்.
தரவுப் பொட்டலத்துக்கு வாய் கிடையாது.
நெற்றியில் ஒட்டிய முகவரி உண்டு,
அதைப் படிக்கிறவர் தள்ளிவிடும் பக்கம் போகும்.

மூன்று வருஷமாகத் தள்ளிவிட்டவள் நான்.
கப்பலூர்த் தொழிற்பேட்டை, மருந்துக் கிடங்கு,
குளிர் அறையை ஒட்டி ஒரு இரும்பு அலமாரி,
அதற்குள் போன ஆயுத பூஜைச் சந்தனம்
காய்ந்து உதிரும் ரவுட்டர்.

அமலோற்பவம் அக்கா பில் போட ஒரு தட்டுத் தட்டுவார்.
அந்தத் தட்டு
மேலூர், திருச்சி, விழுப்புரம் கடந்து
அம்பத்தூர் தலைமை அலுவலகம் போய்
ரங்கபாஷ்யம் சார் காவல் வைத்த ஒற்றைப் பெட்டிமுன்
பதினோரு கிளைகளின் வரிசையில் நின்று
சட்டைப்பையைக் காட்டி
செருப்பைக் கழற்றிப் போட்டு
பிறகுதான் மும்பைக்கு ஏறும்.
பில் எழுதும் மென்பொருள் அங்கே, மேகத்தில்.
பதிலும் வந்த வழியே:
அம்பத்தூர், செருப்பு, சட்டைப்பை, வரிசை.

செல்லூர்க்காரர் சிம்மக்கல் போக
செங்கல்பட்டு சுற்றச் சொன்னால்
வைகையில் வெள்ளம் வந்தாலும் சரி
இறங்கி நடந்துவிடலாம் என்றுதானே தோன்றும்.

திரையில் வட்டம் சுற்றும்.
அக்கா மேசை இழுப்பறையைத் திறப்பார்.
ஒரு பில்லுக்குப் பத்து மணி.
நேரம் இல்லை, ஜெபமாலை மணி.
மாதக் கடைசியில் முழு மாலையும் போகும்.
வெளியே ஒச்சப்பன் அண்ணன் வண்டியில்
ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் போகவேண்டிய இன்சுலின்
ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.
"என்ன தாயி, இன்னுமா சுத்துது?"

சென்னைக்குப் பேசினேன்.
வாசலை இங்கே கொண்டுவரலாமே சார்.
போனில் பெருமூச்சு. "காவலைக் கலைக்கச் சொல்றீங்களா?"
கலைக்க இல்லை.
எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா?
தெற்குக் கோபுரத்துக்கு வந்தவரை
கிழக்கே சுற்றி வா என்றா துரத்துகிறார்கள்?
எந்த வாசலிலும் போனை வாங்கி வைக்கிறார்கள்,
பையைத் துழாவுகிறார்கள்.
சோதிக்கிறவரும் மேகத்திலேயே உட்காரட்டும்,
யாருக்கு எந்த வாசல் பக்கமோ அங்கே.
விதி ஒன்றுதான் சார்.
எட்டு மாதம் கழித்து ஒற்றை வரி மின்னஞ்சல்:
செய்யுங்கள், பொறுப்பு உங்களுடையது.

புரட்டாசி மூன்றாம் சனி இரவு மாற்றினேன்.
கேபிள் இரண்டு, விதிகள் நூற்று நாற்பது,
சாப்பிட மறந்த பரோட்டா ஒரு பொட்டலம்.
அது மட்டும் விடியும்வரை எங்கேயும் போகவில்லை.

திங்கள் காலை அக்கா தட்டினார்.
மாலையைக் கையில் எடுத்தார்.
"அருள் நிறைந்த" என்பதற்குள்
அச்சு இயந்திரம் தாளைத் துப்பிவிட்டது.
மாதாவைப் பாதியில் விட முடியாதென்று
முழுக்கச் சொல்லி முடித்துத்தான்
பில்லைக் கிழித்தார்.

அந்த வாரமே இன்னொன்று.
திருநகர், என் வீடு, நள்ளிரவு.
தம்பியின் மடிக்கணினியில் உள்ளே போகப் பார்த்தேன்.
பெயர் சரி. கடவுச்சொல் சரி.
தெரியாத கருவி என்று கதவு சாத்திக்கொண்டது.
நான்தான் என்றேன், திரையிடம், சத்தமாக.
யாரையும் நம்பாதே, எழுதியவளையும் நம்பாதே:
அந்த வரியைத் தட்டியது இதே விரல்கள்.
கோபம் வந்தது.
பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இப்போது நாலு பத்துக்கே வண்டி கிளம்பிவிடுகிறது.
"டீயைக் குடிக்கக்கூட விடமாட்டேங்குறியே தாயி",
பாதிக் கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டு
ஒச்சப்பன் அண்ணன் ஏறுகிறார்.

மாடி ஜன்னலில் தெரிகிறது
கொஞ்ச தூரத்தில் சுங்கச்சாவடி.
பதினேழாவது வண்டி அவருடையது.
ஃபாஸ்டேக் படியாத கார் ஒன்று முன்னால் நிற்க
ஒருவர் இறங்கிக் கையை ஆட்டிச் சண்டை போடுகிறார்.
இன்சுலின் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாசலின் கடவுச்சொல்
என்னிடம் இல்லை.