பின்வாசல்

எபென் கோபுரத்தின் ஏழாம் மாடி.
கரும்பு வெட்டிய நிலத்தில் கண்ணாடி முளைத்த ஊர் இது.
பலகையில் ஓர் உடம்பு வரைந்திருந்தேன்.

வாய்: படகுகள் அனுப்பும் எடை.
தோல்: கடவுச்சொல், அடையாள அட்டை.
நரம்பு: குறுஞ்செய்தி.
இரைப்பை: விலையைச் செரிக்கும் நிரல்.
கொழுப்பு: மூன்று ஆண்டு மீன்கணக்கு.

உயிருள்ள எதற்கும் இருபது வேலைகள் உண்டாம்,
ஒற்றைச் செல்லானாலும், ஊரே ஆனாலும்.
எண்ணினேன். பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.

"பின்பக்கம் எங்கே?" என்றாள் மலீனி
டால்பூரியை மென்றபடி.
"தின்கிறது, தின்கிறது, தின்கிறது.
வெளிக்குப் போக வழி வைத்தாயா?"

சிரித்தோம்.
பிறகு சிரிப்பு நின்றது.

அன்று காலைதான் புளூ பே ஓட்டலிலிருந்து
ஆறு கிலோ பேய்க்கணவாய் கேட்டு
ஃபெலிக்ஸ் சூப்ராயெனுக்கு ஆர்டர் போயிருந்தது.
ஃபெலிக்ஸ் இறந்து ஐந்து மாதம்.

எங்கள் உடம்புக்கு மறக்கத் தெரியவில்லை.
விற்றுப்போன படகுகள் அதற்குள் இன்னும் மிதக்கின்றன.
மூடிய கடையில் ஐஸ் உறைகிறது.
போன புயலுக்கு முந்தைய விலை
இந்தப் புயலுக்கும் அறிவுரை சொல்கிறது.

மறுநாள் மாயேபூர்ச் சாலையில் வண்டியை நிறுத்தினேன்.
சேற்றில் கண்டல் மரங்கள்.
ஒன்றில் ஓர் இலை மட்டும் மஞ்சள்.
உடம்பின் உப்பையெல்லாம் கிழ இலையில் ஏற்றி
மரம் அதை விட்டுவிடும் என்பார்கள்.
மெய்யோ பொய்யோ,
விழுந்த இலையை ஒரு நண்டு
கடன் வசூலிப்பவன்போல் இழுத்துப் போயிற்று.

அங்கேயே குறித்தேன்:
தொண்ணூறு நாள் யாரும் தொடாத பெயர்
பழுக்கட்டும். உதிரட்டும்.
எந்த நீரோட்டத்தில் எவ்வளவு மீன் என்ற கணக்கு மட்டும்
பெயரில்லாமல் அடியில் தங்கி
மற்றவர்க்கு எருவாகட்டும்.
பேய்க்கணவாய்க்குத் தடை விழும் மாதங்களில்
உடம்பு கொஞ்சம் தூங்கட்டும்.

அழகான விதி.
இறந்தவர்களுக்குத் தொண்ணூறு நாள்கூடத் தேவையில்லை,
உடனே உதிர்க்கலாம்.
முதல் இலை ஃபெலிக்ஸ்.
அழிக்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை.

தகரக் கதவைத் திறந்தாள் ஜினெத்.
கையில் அவருடைய போன்,
உடைந்த முதுகுக்கு ரப்பர் பட்டை போட்டு.
நான் வாய் திறக்குமுன் அது கிணுங்கியது.
"சரி, ஆறு மணிக்கு" என்று பதில் போட்டுவிட்டு
மதிலுக்கு அப்பால் கத்தினாள்:
"கேவின்! நாலு கிலோ! ஓட்டலுக்கு!"

பதினோரு படகுகளாம்.
ஒருவரிடமும் எங்கள் செயலி இல்லை.
ஒருவனுக்கு எழுத்து வராது.
ஒருவனின் அட்டை வட்டிக்காரனிடம்.
இரண்டு பேர் ரோட்ரிக்ஸிலிருந்து வந்தவர்கள்,
விலாசம் என்ற கட்டத்தில் அவர்களுக்கு எழுத ஒன்றுமில்லை.
எங்கள் தோல் தள்ளிவிட்ட அத்தனை பேரும்
செத்தவர் பெயரில் நுழைந்து
உயிரோடு திரும்புகிறார்கள்.

கிலோவுக்கு ஐந்து ரூபாய் இவளுக்கு.
கணக்கு, நாட்காட்டித் தாளின் முதுகில்.

"எதுக்கு வந்தே?" என்றாள்.
"நெட்வொர்க் எப்படி இருக்குன்னு பார்க்க."
அது பொய்யுமில்லை.

திரும்பி வந்து பலகை முன் நின்றேன்.
கழிவு என்று நான் வட்டம் போட்ட இடத்தில்
ஒரு வாய் இருந்தது.
அல்லது தொப்புள்.
நாங்கள் வரையாமலே முளைத்த உறுப்புக்கு
என்ன பெயர் எழுத?

"இருபதும் ஆச்சா?" என்றாள் மலீனி.

உதிர்வு விதியைச் சேர்த்தேன்.
அது வேண்டும்தான்.
ஒரே ஒரு விலக்கு.
விலக்கு கேட்டால் காரணம் கேட்கும் கட்டம்,
அதுவும் நானே கட்டாயமாக்கியது,
வெறுமையாய் விட்டால் சிவக்கும்.

சூப்ராயென், ஃபெலிக்ஸ்.
காரணம்: மூச்சு இருக்கிறது.

பச்சையாகி
ஏற்றுக்கொண்டது.