பாதி சாத்திய வாசல்

நாற்பத்தேழாம் எண்ணுக்கு
இரண்டு பேராக எழுந்து வந்தார்கள்.
தைரியநாதன் கையில் ஒரு மைலோ டின்.
கவுண்ட்டரில் வைத்துத் திறந்தார்.
அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்ட
அம்லோடிப்பின், இரண்டு மாதத்துக்கானது.

"மொத மாசம் ஒழுங்காத்தான் சாப்பிட்டேன்.
காலு வீங்கி பூட்ஸ் ஏறலம்மா."
செம்பனை அரிவாளால் குதிகாலைக் கீறி
வேலைக்குப் போயிருக்கிறார்.
இப்போது கால் வற்றிவிட்டது.
கீறல் மட்டும் வாயைப் பிளந்து கிடக்கிறது.
ரத்தக்கொதிப்பு நூற்று எண்பத்திரண்டு.

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர்.
பெரிதாக விளக்க நேரமில்லை.
சன்னலைக் காட்டினேன்.

அதோ, மலையை வெட்டி லோரியில் ஏற்றுகிறார்களே,
உங்கள் லயத்துக் கொடியில் காயும் துணியெல்லாம்
வெள்ளை பூத்துவிடுகிறதே,
அந்தச் சுண்ணாம்பின் சத்துதான்.
ரத்தக்குழாயைச் சுற்றி
மோதிரம் மோதிரமாகத் தசை.
அதன் வாசலுக்குள் சுண்ணாம்பு நுழைந்தால்
தசை முஷ்டி மடக்கும். குழாய் நெரியும்.
மாத்திரை வாசலை அடைப்பதில்லை.
கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டு
கதவுக்குச் சோம்பலைக் கற்றுக்கொடுக்கும்.

"அப்ப வீக்கம்?"

வரும் ரோட்டை அகலமாக்கிவிட்டு
போகும் ரோட்டை அப்படியே விட்டால்?
பாசார் மாலாம் அன்று சந்தியில் பார்த்திருப்பீர்கள்.
கணுக்காலில் நின்றது அந்த நெரிசல்.
டாக்டர் இதைப் பாதியாகக் குறைத்து
போகும் ரோட்டையும் தளர்த்த
இன்னொன்று எழுதியிருக்கிறார்.

இஞ்ஞாசியம்மாள் செருப்பைக் கழற்றினார்.
இனிப்புநீர், பதினான்கு வருடம்.
"இவருக்காச்சும் வீக்கம். எனக்கு நெருப்பு.
ராத்திரி போர்வை பட்டாலே எரியுது."

அவருக்கு கபாபென்டின்.
அதுவும் சுண்ணாம்பு வாசல்தான்,
ஆனால் நரம்பில்.
இந்த மாத்திரை வாசலுக்கே போகாது.
புதுக் கதவுகளை ஏற்றிக்கொண்டு
நரம்பின் முனைக்குப் போகும் லோரியை
நடுவழியில் மறித்துவிடும்.
முனையில் கதவு குறைந்தால்
வலியை எடுத்துச் சொல்லும் வாய் குறையும்.
பகலில் கிறுகிறுக்கும், பார்த்து நடங்கள் என்றேன்.

அவர் போகவில்லை.
"எல்லா வாசலையும்
ஒரேடியா சாத்திட்டா என்னம்மா ஆகும்?"

எட்டு வருடமாக இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறேன்,
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
இதயமும் தசைதானே, நின்றுவிடும் என்றேன்.

சிரித்துவிட்டார்.
"கேட்டீங்களா? கொஞ்சம் தெறந்தே இருக்கட்டும்."
மைலோ டின்னைத் திரும்பக் கேட்டார்,
மாத்திரையை எடுத்துக்கொண்டு டின்னைக் கொடுத்தேன்.
நெத்திலி போட்டுவைக்க ஆகுமாம்.

தீம்பார் வாசலில் நேப்பாளிக் காவலர்
கம்பைத் தூக்கினார்.
ஒரு லோரி. இன்னொரு லோரி.
மூன்றாவதை நிறுத்தி
கித்தாப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்,
அவசரமே இல்லாமல்.

நாற்பத்தெட்டு.