ஆறாயிரமும் முட்டையும்

மழை விட்ட ஞாயிறு. வியாசர்பாடி மைதானச் சேற்றில்
இரண்டு கல்லூரிக் கார்கள் மாட்டிக்கொண்டன.
தள்ளிவிட்டது நாங்கள் பதினொரு பேரும்.
ஒருவர் மாதம் நாலாயிரம் என்றார்,
மற்றவர் ஆறு, கூடவே தினம் இரண்டு முட்டை.
ஜெபராணி முட்டைக்குக் கையெழுத்துப் போட்டாள்.
கோல்கீப்பரை யாரும் கேட்கவில்லை.

இப்போது அவள் தம்பி
அக்கா போடும் கோலைக் கேஸ் சிலிண்டரில் எண்ணுகிறான்.
தெரு ஆட்டத்துக்குக் கூப்பிடாதே,
முட்டி போனால் எல்லாம் போச்சு என்கிறாள் அம்மாக்காரி.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு வந்தாள், பூட்ஸ் கையில்.
"ஒரே ஒரு பெனால்ட்டிடீ. இதுக்குக் காசு கிடையாது."
வெளியே போனது.
இன்னொன்று. பிடித்தேன்.
அடுத்ததையும்.
சேற்றில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

பந்தைத் திருப்பித் தராமல் கேட்டேன்:
உங்க காலேஜ்ல கோல்கீப்பருக்கு எவ்ளோ தர்றாங்க?