மாதிரி திரும்பியதா

தை இருபத்திரண்டு, பெய்யக் கூடாத மழை
ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த பிற்பகல்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
கார்க் கதவைத் திறந்துகொண்டு
சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்து
உறுப்பினர் தையல்நாயகி வந்து கேட்டது
ஒரு கைப்பிடி நெல்.

சாலையோரம் பதினோரு நாளாய்க் கிடந்த
மரியசூசையின் குவியலில் அள்ளினேன்.
தராசு சொன்னது இருநூறு கிராம்.
ஈரமானி சொன்னது பத்தொன்பது புள்ளி எட்டு.
பதினேழைத் தாண்டினால் வாங்காதே என்று
என் தலைக்கு மேலே
ஒட்டியிருக்கிறது சுற்றறிக்கை.
என் சம்பளக் கவரிலேயே கொட்டிக் கொடுத்தேன்.

பதிவேட்டில் ஏழாவது கட்டம்:
'மாதிரி குவியலுக்குத் திரும்பியதா?'
இல்லை.
காரணம்: எலி.

பட்டியல் எழுத்தன் நான்,
அரசியல் பேசுகிறவன் அல்ல.
ஆனால் டீக்கடையில்
'அங்க போயி என்னத்தப் பேசுச்சு?' என்று
எவனாவது ஆரம்பித்தால் கை பரபரக்கும்.
இரண்டரை வருடத்தில் முப்பத்தெட்டு முறை.
கடைமடைக்கு வராத முறைத்தண்ணீர் ஆறு முறை,
நிற்காமல் போகும் ரயில் நான்கு முறை,
காப்பீடு, காப்பீடு, காப்பீடு,
உப்பேறிய கிணறு, ஒருமுறை கொசு.
பாதிக்கு மேல் பேசப்படவே இல்லை,
மேசைமேல் வைக்கப்பட்டதாகக் கருதப்பட்டன.
மேசைமேல் வைத்த காகிதத்துக்கு
முளை விடாது, அது ஒரு வசதி.

அந்த நெல்லுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.
அச்சான குறிப்பு பிறகு வந்தது, ஆங்கிலத்தில்;
பெயரருகே ஒரு நட்சத்திரம்,
அடியில் பொடி எழுத்தில்: மூலம் தமிழ்.
சம்பா நீண்ட காலப் பயிராகியிருந்தது.
தாளடி வெறும் 'இன்னொரு பயிர்'.
'வயிறு எரியுது' என்றதை
'வேதனை அளிக்கிறது' என்று
யாரோ தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள்.
நான்காம் பத்தி முடியும் இடத்தில்
அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்: குறுக்கீடு.

அந்தச் சொல்லை நான் டிவியில் பார்த்தேன்.
கவரைப் பிரித்தார். உள்ளங்கையில் கொட்டினார். உயர்த்தினார்.
'அவையில் பொருள் எதையும் காட்டக் கூடாது,
கீழே வையுங்கள்' என்றது நாற்காலி.
மைக்கில் சிவப்பு அணைந்தது.
உதடு அசைந்தது.
பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார்,
பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பங்குனியில் ஆணை வந்தது, பத்தொன்பது வரை வாங்கலாமாம்.
மரியசூசை அதற்குள்
முளைத்தது போக மிஞ்சியதை
வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு
திருப்பூர் பஸ் ஏறியிருந்தார்.

அடுத்த வாரம் மறுபடி அதே கார்.
புதுச் செருப்பு.
'எலின்னா எழுதுனீங்க?' என்று கேட்டு
சம்பளக் கவரை மேசைமேல் வைத்தார்.
அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.
'கீழ வெச்சுத்தாங்க பதினோரு நாளாச்சுன்னேன்.'
அதற்கு மேல் பேசவில்லை, போனில் யாரோ கூப்பிட்டார்கள்.

கவரைப் பிரித்து மானியில் போட்டேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.
குளிரூட்டிய அவையும் விமானமும் சேர்ந்து
நாங்கள் தார்ப்பாய் விரித்துக் காத்தும் வராத வறட்சியை
ஒரு கைப்பிடிக்குக் கொடுத்திருந்தன.
மொத்தக் குவியலையும்
அனுப்பியிருக்கலாம் என்றான் லோடுமேன் இடும்பன்.

தராசில் வைத்தேன்: நூற்று எண்பது.
ஒருமணி குறையவில்லை, கவர் ஒட்டியேதான் இருந்தது;
போனது இருபது கிராம் வெட்டாற்றுத் தண்ணீர்.
எந்தப் பத்தியிலும் அது இல்லை.
எந்த நட்சத்திரமும் அதற்கு இல்லை.
அந்தப் பெரிய கூடத்தின் காற்றில்
யாரோ மூச்சாக இழுத்திருக்க வேண்டும்.

ஏழாவது கட்டத்தில் 'எலி'யை அடித்தேன்.
'திரும்பியது' என்று எழுதப் போய்
எந்தக் குவியலுக்கு என்று நின்றேன்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது.
சிப்பம் நானூற்றுப் பதினேழு, என்று கத்தினான் இடும்பன்.
நானூற்றுப் பதினேழு, என்று எழுதினேன்.