இறங்க அனுமதி இல்லை

டவுன்ஹால் ரோட்டில் பணம் மாற்றுகிறவர்
தாள்களை எண்ணி எடுத்துக்கொண்டு
நாணயங்களைத் திருப்பித் தள்ளினார்.
"சில்லறை எடுக்குறதில்ல, சார்."
சட்டைப் பையில் கிடக்கின்றன,
நாலு தீவின் மீதி.

அரிசி ஆலைக்கு உருளை மாட்டுகிறவன் நான்.
கப்பலூர் கம்பெனி அனுப்பிய இடமெல்லாம் போவேன்.
கடலே பார்க்காத ஊருக்கு
அந்தப் பேரை யார் வைத்தார்களோ,
அந்தத் துறைமுகத்தில் ஒருவன் புகை விடும் படகைக் காட்டி
"கப்பல்" என்றான்.
என் டூல் பாக்ஸைக் காலால் தட்டி
"பெத்தி" என்றான்.
டீ குடித்த இடம் "கெடை".
மூன்று சொல்லில் மொழி தீர்ந்துவிட்டது.
மிச்சத்தைக் கையால் பேசினேன்.

முதல் தீவில் வாசல்தோறும்
குருத்தோலைத் தட்டில் பூ, சோறு, ஒரு பிஸ்கட்.
சாமி எறும்பாக வந்து தின்றது.
அடுத்ததில் பாங்கு கேட்டதும் ஆலையை நிறுத்தினார்கள்.
பெல்ட் சூடு ஆறும்வரை
நானும் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தேன்.
அதற்கும் கிழக்கே, ஆலைக்காரி யோசபினா
புது உருளைக்குச் சிலுவை போட்டாள்,
போட்ட கையோடு கோழி ரத்தமும் தெளித்தாள்.
உசிலம்பட்டிப் பக்கம் புது லாரிக்குச் செய்வதுதான்.
சிரித்தேன். அவளும் சிரித்தாள்,
வேறு எதற்கோ.

நாலாவது தீவின் பேர் தெரியாது.
காய்ச்சலில் தரையில் படுத்திருந்தேன்.
யாரோ இளநீர் வைத்துப் போனார்கள்.
நினைவில் இருப்பது ஒரு ஜோடி கணுக்கால்.

போன இடமெல்லாம் நெல்லுக்கு ஒரு சொல்,
அரிசிக்கு ஒரு சொல், சோற்றுக்கு இன்னொன்று.
எல்லாவற்றையும் 'ரைஸ்' என்று எழுதும்
எங்கள் மேனேஜருக்கு இது பிடிபடாது.
ஆலை என்பது
முதல் சொல்லில் ஏற்றி
இரண்டாம் சொல்லில் இறக்கிவிடும் படகு.

இன்று ஞாயிறு. தெப்பக்குளம் நிறைந்திருந்தது.
மாநகராட்சிப் படகுக்குச் சீட்டு வாங்கினேன்.
ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டிவிட்ட பையன்,
தவசி என்று கூப்பிட்டார்கள்,
"படகுல மொதத் தடவையாண்ணே?
பயப்படாதீங்க, இடுப்பளவுதான்."
தலையாட்டினேன்.
"நடுவுல எறக்கி விடுவீங்களா?"
"மண்டபத்துல எறங்க பெர்மிஷன் இல்லண்ணே.
சும்மா சுத்திட்டு வந்துரலாம்."

வற்றிக் கிடந்த வருஷங்களில்
நடந்தே போயிருக்கிறோம்.
அனுப்பானடிக்கும் காமராஜர் சாலைக்கும் மேட்ச்.
அந்தச் சுவரில் பட்டால் நாலு ரன்.
அப்போது அது தீவில்லை,
பவுண்டரி.

படகு சுற்றியது. கையை நீரில் விட்டேன்.
வெதுவெதுப்பு, பாசி, பொரிக்காக வாய் திறக்கும் மீன்கள்.
குளத்துக்கு அங்கே கோலம் என்று பேர்.
சொல்ல வாயெடுத்தேன்,
தவசி அடுத்த வரிசையை எண்ணிக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது ஒரு நாணயம் கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்தான்.
"இது செல்லாதுண்ணே" என்றான்.
பைக்குள் போட்டுக்கொண்டான்.