முதுகில்லாத பொருள்

கப்பலின் உந்துவிசிறிக்கு முதுகு கிடையாது.
மூன்று டன் வெண்கலம், நான்கு இதழ்.
எப்படிக் கிடத்தினாலும் ஏதோவொரு விளிம்பு
பலகையைக் கடிக்கும்.

கிளைப்பெடா துறைமுகம். நவம்பர்.
கனம் எங்கே குடியிருக்கிறதென்று
டாங்குவொலே சுண்ணக்கட்டியால்
பெருக்கல் குறி போட்டாள்.
கிரேன் ஒரு சாண் தூக்கியது.
சாய்ந்தது.
இறக்கு.
அழித்து, இரண்டு விரற்கடை தள்ளி
இன்னொரு குறி.

வீதெனிஸ் பஞ்சு மெத்தை கொண்டுவந்தான்.
"இது தூங்கவா போகிறது?" என்றாள்.
இதழின் வளைவுக்கே மரத்தை அறுத்து
முட்டுக் கொடுத்தாள்.
வார்ப்பட்டையை இறுக்கினாள்,
தட்டினால் விண்ணென்று பேசும்வரை.

புந்தா அரேனாஸ் வரை இனி அலையின் பாடு.

மிஞ்சிய துண்டொன்று, பிறை போல,
அவள் கைப்பையில்.
வீட்டுச் சலவை இயந்திரம்
பிழியும்போதெல்லாம் கதவுவரை நடக்கும்.
அதன் காலடியில் செருகினாள்.

இன்னும் நடக்கிறது,
சமையலறையில் பாதிவரை.